அடிவயிற்று வலி: பெங்களூரு கற்ற பாடமும் மறந்த பாடமும்

பெங்களூரு: பெண் ஊழியர்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்கும் கொள்கைக்கு 2025 அக்டோபர் 9-ம் தேதி கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாதத்துக்கு ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள். அரசு அலுவலகங்கள், தனியார் நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்பத் துறை, ஆடைத் தொழிற்சாலைகள் என அனைத்துக்கும் இது பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. இதுகுறித்து ஆராய அமைக்கப்பட்ட குழு 6 நாள்களையே பரிந்துரைத்திருந்தது. முதல்வர் சித்தராமையா தலைமையிலான அரசு அதை இரு மடங்காக்கியது. தொழில் நிறுவனங்கள் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் படிகளையும் ஏறியது.

தலைநகர் தில்லியில் இதே பிரச்னை வேறு விதமாகப் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் பதிலளித்த அன்றைய மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஓர் உடற்குறைபாடு அல்ல என்றும், அதற்கெனத் தனி விடுப்புத் தேவையில்லை என்றும் தெரிவித்தார். 2024 ஜூலையில் இதுதொடர்பான பொதுநல மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், இது அரசின் கொள்கை முடிவு சார்ந்தது என்றும், கட்டாய விடுப்பினால் பெண்களை வேலைக்கு அமர்த்த நிறுவனங்கள் தயங்கக்கூடும் என்றும் கூறி மனுவை முடித்து வைத்தது.

விடுப்புக் கேட்போரும் மறுப்போரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர். பெண்ணின் வலி மாதத்தில் ஓரிரு நாள் வந்து, தானாகவே போய்விடும் என்பதே இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட அனுமானம். போகாத வலி பற்றி எந்த அவையிலும் விவாதம் நடக்கவில்லை. ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்குப் பத்தாண்டு என நீடிக்கும் அடிவயிற்று வலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரும், தனிப் பரிசோதனை முறைகளும் உள்ளன. நமது அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது வலி மாத்திரை. தனியார் மருத்துவமனைகளில் பல நேரம் கிடைப்பது கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை.

குழாயின் வேலை என்ன?

கருப்பையின் இரு பக்கமும் சினைப்பைகளை நோக்கி நீளும் மெல்லிய குழாய்களே கருக்குழாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. 16-ம் நூற்றாண்டில் இவற்றை விரிவாக விளக்கிய இத்தாலிய உடற்கூற்று அறிஞர் கேப்ரியேல் ஃபலோப்பியோவின் பெயரால், மருத்துவர்கள் இவற்றை 'ஃபலோப்பியன் குழாய்' என்கின்றனர். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டையை இதன் விரல் போன்ற முனைகள் ஏந்திக்கொள்கின்றன. உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அதை மெல்ல நகர்த்துகின்றன. விந்தணு முட்டையைச் சந்திப்பதும், கரு உருவாவதும் பெரும்பாலும் இந்தக் குழாய்க்குள்தான். உருவான கரு நான்கைந்து நாள்களில் கருப்பையை வந்தடைகிறது.

இந்த மயிரிழைகள் ஒருமுறை அழிந்தால் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளும், பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின்னர் ஏற்படும் தொற்றுகளும் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் குழாயைத் தாக்குகின்றன. வீக்கம் தணிந்த பிறகு குழாயில் தழும்பு விழுகிறது. சிலருக்குக் குழாயின் முனை மூடி, உள்ளே நீர் தேங்கிப் பருக்கிறது. சுற்றியுள்ள குடலும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. கிளமிடியா தொற்றுக்கு ஆளான பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

தொற்றின் விலை என்ன என்பதை சுவீடனின் லுண்ட் நகரில் பல ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. 1992-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, இடுப்புக்குழி உறுப்புகளில் ஒருமுறை தொற்று ஏற்பட்ட பெண்களில் 8 சதவீதம் பேருக்குக் குழாய்க் கோளாறால் குழந்தையின்மை ஏற்பட்டது. இரண்டு முறை தொற்று ஏற்பட்டவர்களில் இது சுமார் 20 சதவீதம். மூன்று முறை அல்லது அதற்கு மேல் எனில் 40 சதவீதம். ஒவ்வொரு முறை தொற்று திரும்ப ஏற்படும்போதும் பாதிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இத்தகைய தொற்றுக்கு ஆளான பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நாட்பட்ட அடிவயிற்று வலி தொடர்வதாக அமெரிக்க ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

மற்றோர் ஆபத்து உயிரையே பறிக்கக்கூடியது. சேதமடைந்த குழாயில் கரு நகர முடியாமல் அங்கேயே தங்கி வளரத் தொடங்கும். சில வாரங்களில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தப்போக்கு ஏற்படும். மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, தலைச்சுற்றல், தோள்பட்டை வலி ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எல்லா வலியும் குழாய் வலி அல்ல

குழாய் அடைபட்ட பலருக்கு வலியே இருப்பதில்லை. குழந்தை இல்லையெனப் பரிசோதனைக்குச் செல்லும்போதுதான் அது தெரியவருகிறது. அதேபோல், நாட்பட்ட வலியுடைய பலருக்குக் குழாய் நலமாகவே இருக்கும். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குழாய், குடல் ஆகியவற்றின் மீது வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இதற்கு முக்கியக் காரணம். உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேர், அதாவது 19 கோடிப் பேர், இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் இன்னதென்று கண்டறியப்படவே பல ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது.

சிறுநீர்ப்பையின் நாட்பட்ட அழற்சி, குடல் எரிச்சல் நோய், முந்தைய அறுவைச் சிகிச்சையின் ஒட்டுத்தழும்பு, இடுப்புத் தசைகளின் இறுக்கம், நரம்பு அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். ஒரே பெண்ணிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் சாதாரணம். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி நரம்பு மண்டலத்தையே மாற்றிவிடுகிறது. மூலகாரணம் தணிந்த பிறகும், சிறு தூண்டலைக்கூட நரம்புகள் பெரும் வலியாக உணர்த்துகின்றன. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்பதற்கு 'வலி இல்லை' என்று பொருள் அல்ல என மருத்துவ நிபுணர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

காசநோயும் கருக்குழாயும்

மேலை நாட்டுப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து செல்லும் ஒரு காரணம், இந்தியாவில் தனி அத்தியாயமாக வேண்டியது. அது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நுரையீரலைத் தாக்கும் கிருமி ரத்தத்தின் வழியே கருக்குழாயைச் சென்றடைந்து ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் காசநோய் பரவும்போது, கிட்டத்தட்ட எல்லா நிகழ்வுகளிலும் கருக்குழாய்களே பாதிக்கப்படுகின்றன. சுமார் பாதிப் பேருக்குக் கருப்பையின் உட்சவ்விலும் நோய் பரவுகிறது.

இந்தப் பெண்கள் இருமுவதில்லை. மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லேசான வலி, குறைந்துகொண்டே வரும் மாதவிடாய், குழந்தையின்மை ஆகியவையே அறிகுறிகள். எந்த ஒரு பரிசோதனையும் தனியாக இதை உறுதி செய்துவிடுவதில்லை. கருப்பை உட்சவ்வின் திசுப் பரிசோதனை, மூலக்கூறு பரிசோதனை, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை வழி உள்நோக்கல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டியுள்ளது.

சிகிச்சையில் குழப்பமில்லை. ஆறு மாத மருந்தா, ஒன்பது மாத மருந்தா என்ற கேள்விக்கு தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர்கள் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2016-ல் விடை அளித்தது. இரண்டுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. ஆறு மாதம் போதுமானது. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நுரையீரலில் நோய் இல்லாதவரை இந்தப் பெண்களிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்கு நோய் பரவாது. ஆயினும் 'காசநோய்', 'கருப்பை' என்ற இரு சொற்களும் சேர்ந்து பெண்ணின் மீது சுமத்தும் களங்கம், நோயைக் காட்டிலும் கொடியதாகிவிடுகிறது.

பெல்லாரி சாலையில் பிறந்த பாடம்

காசநோய் ஒழிப்பில் இந்தியாவுக்கு வழிகாட்டிய நகரம் பெங்களூரு. 1959-ல் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிலையம் இங்கே பெல்லாரி சாலையில் உள்ளது. 1960-களின் தொடக்கத்தில் இந்த நிலையத்தின் தேவவர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். கிராம மக்கள் அறியாமையால் நோயை மறைக்கிறார்கள், மருத்துவமனைக்கு வர மறுக்கிறார்கள் என்பதே அன்றைய அதிகாரிகளின் பொதுவான நம்பிக்கை.

1963-ல் வெளியான ஆய்வு முடிவு இந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை அறிந்தே இருந்தனர். அதற்காகக் கவலையும் பட்டனர். ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே ஆங்கில மருத்துவம் பார்க்கும் இடங்களுக்குச் சென்றிருந்தனர். அங்கே சளியைப் பரிசோதிக்காமல், ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். குறை நோயாளியிடம் இல்லை. வந்தவரிடம் உரிய கேள்வியைக் கேட்காத மருத்துவமனையிடம்தான் இருந்தது. மாவட்டந்தோறும் சாதாரண மருத்துவமனைகளிலேயே இருமலுடன் வருவோரின் சளியைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இந்தச் சிந்தனையின் அடிப்படையில்தான் 1962-ல் உருவானது. பானர்ஜி பின்னர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கான மையத்தைக் கட்டியெழுப்பினார்.

'இருமல் மருந்து' இருந்த இடத்தில் 'வலி மாத்திரை' என்று மாற்றினால், அடிவயிற்று வலியுள்ள பெண்களின் இன்றைய கதையும் அதுவே. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு உலகையே அதிர வைத்தது. 92 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அவர்களில் அதற்கு முன் மகளிர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் பேர் மட்டுமே. கர்நாடகத்தில் 3,600 தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 1995-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்கு ஏதேனும் ஒரு அறிகுறி இருப்பதாகக் கூறினார். பெண்கள் பேசத் தயங்குகிறார்கள் என்பது பாதி உண்மை. கேட்டால் பேசுகிறார்கள் என்பதை இந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

பரிசோதனைக்குப் பதில் கத்தி

கேட்காத மருத்துவமனையைவிட ஆபத்தானது, கேட்காமலே அறுக்கும் மருத்துவமனை. கர்நாடகத்தின் வடக்கே கலபுரகி மாவட்டத்தில் லம்பாணி தாண்டாக்களிலும் தலித் குடியிருப்புகளிலும் வசிக்கும் பெண்கள் அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் போன்ற தொல்லைகளுக்காகச் சில தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றனர். புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தி, முறையான பரிசோதனையின்றி அவர்களது கருப்பைகள் அகற்றப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2015-ல் மாநில சுகாதாரத் துறை அமைத்த குழு விசாரித்து, தேவையற்ற அறுவைச் சிகிச்சைகள் நடந்திருப்பதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் நீதி கேட்டுப் போராடினர்.

இது கர்நாடகத்தின் பிரச்னை மட்டும் அல்ல. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கும் மத்திய அரசின் திட்டம் 2008-ல் தொடங்கியபின், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகவே கருப்பைகள் அகற்றப்பட்டதாக 2012-ல் பெரும் சர்ச்சை வெடித்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் 2019-ல் நடத்தப்பட்ட விசாரணையில், 13,861 பேர் கருப்பை இல்லாதவர்கள் எனத் தெரியவந்தது. மாதவிடாய்க்காக ஒரு நாள் நின்றாலும் கூலி பிடிக்கப்படும் என்ற அச்சம் அவர்களை மருத்துவரிடம் துரத்தியது.

2015-16-ம் ஆண்டு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 3.2 சதவீதம் பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரத்தில் இது 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7 சதவீதம். அறுவைச் சிகிச்சைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிப் பேரின் வயது 34-ஐத் தாண்டவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கும் வலியும்.

சில நோய்களுக்குக் கருப்பை அகற்றுவது உரிய சிகிச்சையே என்பதில் ஐயமில்லை. ஆனால், வலி குழாயிலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ இருந்து வந்தால், கருப்பையை எடுத்தாலும் வலி போகாது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே மாதவிடாய் முற்றாக நின்று, எலும்புத் தேய்மானம் தொடங்கிவிடும். மூட்டை தூக்கியும் களை எடுத்தும் பிழைக்கும் பெண்ணுக்கு இது வாழ்வாதாரப் பறிப்பு.

மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5-ம் தேதி அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என உத்தரவிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பதும் இந்த நெறிமுறைகளில் அடங்கும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, என்ன முடிவெடுத்தது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கக்கூடிய கேள்வி.

அரசு அறிந்த ஒரே குழாய்

கருக்குழாய் பற்றி அரசு எதுவும் அறியாதது அல்ல. நாட்டில் மிக அதிகமாக அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகும் பெண் உறுப்புகளில் அதுவும் ஒன்று. 2019-21 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கர்நாடகத்தில் 57.4 சதவீதம், தமிழகத்தில் 57.8 சதவீதம். ஆண்களின் பங்கு கர்நாடகத்தில் ஏறக்குறைய பூஜ்யம். குழாயைத் துண்டித்து மூடுவதற்கு இலக்கும், ஊக்கத்தொகையும், முகாமும் இருந்தன. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் 2014 நவம்பரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தனர். அதன் பின்னரே, 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், முகாம் முறையை மூன்றாண்டுகளில் கைவிடுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. அதனால் மாதவிடாய்க் கோளாறு அதிகரிப்பதில்லை என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2000-ல் உறுதி செய்தது. அதே சமயம், அரிதாக அந்த அறுவைச் சிகிச்சை தோல்வியுற்றுக் கரு உண்டானால், மூன்றில் ஒரு பங்கு நிகழ்வுகளில் கரு குழாயிலேயே தங்குகிறது. 'ஆபரேஷன் ஆகிவிட்டதே, கர்ப்பமாக வாய்ப்பில்லை' என்று வலியைப் புறக்கணிப்பது ஆபத்து. இந்த எச்சரிக்கை எத்தனை பெண்களுக்கு எழுத்திலோ வாய்மொழியாகவோ சொல்லப்படுகிறது என்று எந்த இலக்கு அறிக்கையும் கேட்பதில்லை.

மறுமுனையில், அடைபட்ட குழாயை நம்பி ஒரு பெருந்தொழிலே வளர்ந்துள்ளது. பெண்களின் குழந்தையின்மையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குழாய்க் கோளாறே காரணம். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் தாய்க்கும் குழாய் அடைப்புதான். அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால் பிறந்த இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் தாய்க்கும் அதே பிரச்னை. இன்று பெங்களூரு நகரின் முக்கியச் சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு முறை சிகிச்சைக்கே லட்சக்கணக்கில் செலவாகிறது. தொடக்கத்திலேயே தொற்றைக் கண்டுபிடித்தால் தேவைப்படுவது இரண்டு வார மாத்திரை.

அந்த மாத்திரையும் அரசிடம் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஏற்பாட்டில் அரசு மருத்துவமனைகளில் 'சுரக்ஷா கிளினிக்' என்ற பெயரில் பால்வினை மற்றும் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுக்கான சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அடிவயிற்றுத் தொற்றுக்கென மஞ்சள் நிற உறையில் இட்ட மருந்துத் தொகுப்பு இத்திட்டத்தில் உண்டு. கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது நெறிமுறை. மனைவி மட்டும் மருந்து உண்டு, கணவர் மருத்துவமனைப் பக்கமே வராவிட்டால் தொற்று திரும்ப வரும். இதைச் சொல்லும் துணிவு மருத்துவமனைக்கும் வேண்டும்; கேட்கும் பக்குவம் குடும்பத்துக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெங்களூருவின் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூரு சாலைப் பகுதிகளிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தமிழகத்திலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இவர்களில் உண்டு. இவர்களது ஊதியத்தில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. தொகை பிடிக்கப்படுகிறது. அந்தத் திட்டத்தில் மகளிர் மருத்துவச் சிகிச்சை அவர்களின் உரிமை, சலுகை அல்ல. காசநோய் உறுதியானால், நீண்டகால நோய்களுக்கான கூடுதல் நோய்க்காலப் பணப்பயனும் அந்தத் திட்டத்தில் உண்டு. இதைத் தொழிற்சாலை வாயிலில் எழுதி ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

பெண்கள் தாமே கேட்கத் தொடங்குவதும் அவசியம். வலி எப்போது தொடங்கியது, மாதவிடாயோடு தொடர்புடையதா, சிறுநீர் அல்லது மலம் கழிக்கும்போது கூடுகிறதா, தாம்பத்திய உறவின்போது வருகிறதா என்று இரண்டு மூன்று மாதங்களுக்குக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால், பாதி வழி கடந்ததாகிவிடும். கருப்பையை எடுக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் கூறினால், நோயின் பெயர் என்ன, எந்தப் பரிசோதனையில் அது உறுதியானது, மருந்தால் குணமாக்க முயன்றாயிற்றா, சினைப்பைகளையும் எடுப்பீர்களா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதில் பெற வேண்டும். ரத்தப்போக்கு நிற்காத அவசர நிலை தவிர, மற்ற நேரங்களில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க அவகாசம் எப்போதும் உண்டு.

அரசு செய்ய வேண்டியது இதைவிட எளிது. இருமலோடு வருபவரின் சளியைப் பரிசோதி என்ற ஒற்றை வரி விதியைக் கொண்டுதான் பெங்களூரு நிலையம் ஒரு தேசியத் திட்டத்தை உருவாக்கியது. ஆறு மாதமாக அடிவயிற்று வலி எனக் கூறி வரும் பெண்ணை மறைவான இடத்தில் அமர்த்திக் கேள், பரிசோதி, தொற்றுக்குச் சிகிச்சை அளி, குணமாகாவிட்டால் காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றைச் சோதிக்க மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பு என்ற விதியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வகுப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. தேவைப்படுவது பெண் மருத்துவர், ஒரு திரைச்சீலை, ஒரு பதிவேடு.

2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெங்களூரு ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலையில் இறங்கினர். இரண்டே நாள்களில் தில்லி பின்வாங்கி, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. உழைத்துச் சேர்த்த பணத்துக்காக ஓர் அரசைப் பணிய வைத்த பெண்கள், உழைக்கும் உடலுக்காகவும் கேள்வி கேட்கும் நாள் வெகு தொலைவில் இல்லை. அந்தக் கேள்வி எழும் முன்னரே பதிவேட்டைத் திறந்து வைப்பது மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் நல்லது.